பூமி குடித்த அறுபத்திரண்டு வோல்ட்

காலை பதினொரு மணிக்குச் சிலிண்டரின் முள் ஐம்பதில் நின்றது. பத்து லிட்டர் கொள்ளும் சிலிண்டர். ஐம்பது பார் அழுத்தம் என்றால் உள்ளே ஐந்நூறு லிட்டர் ஆக்ஸிஜன். நிமிடத்துக்கு மூன்று லிட்டர் வீதம் கார்த்திகேசனின் மூக்குக் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. ஐந்நூறை மூன்றால் வகுத்தால் நூற்று அறுபத்தாறு நிமிடம். ஒன்றே முக்காலுக்கு முள் படுத்துவிடும். மைதிலி இந்தக் கணக்கை நான்காவது தடவையாகப் போட்டுப் பார்த்தாள். நான்கு தடவையும் ஒரே விடைதான் வந்தது.

புயல் போய் மூன்று நாளாகிவிட்டது. கோவில்பதாகை ஏரியின் உபரி நீர் ரோட்டை அறுத்துக்கொண்டு ஓடியதில் அவர்கள் தெரு தீவாகிவிட்டது. தெருவின் டிரான்ஸ்பார்மர் முதல் நாளே வெடித்துக் கருகியது. ஆம்புலன்ஸ்காரர்கள் மெயின் ரோட்டில் நின்றுகொண்டு, படகு வர சாயங்காலம் ஐந்தாகும் என்றார்கள். ஐந்துக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில் மூன்றேகால் மணி நேரம் இருந்தது. அந்த மூன்றேகால் மணி நேரத்துக்குக் காற்று இல்லை.

அவள் கணவன் கார்த்திகேசனுக்கு நாற்பத்தாறு வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சல் போகும்போது நுரையீரலைத் தழும்பாக்கிவிட்டுப் போயிற்று. அதிலிருந்து ஆவடி தொழிற்சாலை வேலையும் இல்லை, குவார்ட்டர்ஸ் வீடும் இல்லை. காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் மெஷின் ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் ஓடும். அது ஓடுவதற்குக் கரண்ட் வேண்டும். இன்வெர்ட்டர் முதல் நாளே ஓய்ந்துவிட்டது. கையிருப்பில் இருந்த மூன்று சிலிண்டரில் பெரிய இரண்டும் தீர்ந்து, இது கடைசி.

விடிந்ததும் நான்கு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலோடு தூக்கிப் பார்த்தார்கள். வாசற்படி தாண்டுவதற்குள் ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் காட்ட விரலில் மாட்டியிருந்த கருவி எண்பத்தெட்டிலிருந்து எழுபத்திரண்டுக்கு இறங்கியது. உதடு நாவல் பழம் தின்ற மாதிரி ஆனது. மறுபடி உள்ளே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு தூக்குகிற பேச்சை யாரும் எடுக்கவில்லை.

பதினொரு மணிக்குத்தான் பின்மனை எத்திராஜ் ஒரு யோசனை சொன்னார். அந்த ஊரில் வீடுகள் வருவதற்கு முன்னாலிருந்தே பயிர் வைத்த குடும்பம் அவருடையது. நிலமெல்லாம் மனையாகிவிட்ட பிறகும் ஏரிக்கரை மேட்டில் ஒரு மோட்டார் கொட்டகை மட்டும் மிச்சம். அதற்கு வேறு லைன், அதில் கரண்ட் இருந்தது. ஆள் படுக்க இடமில்லை, மோட்டாரும் சேறும்தான். ஆனால் ஒயர் இழுக்கலாம். கொட்டகைக்கும் மைதிலி வீட்டுக்கும் நடுவே நூற்றெண்பது மீட்டர். இடுப்பளவு தண்ணீர் நிற்கிற காலி மனைகள். எத்திராஜிடம் தொண்ணூறு தொண்ணூறு மீட்டராக இரண்டு சுருள் ஒயர் இருந்தது. ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் ஒற்றைத் தடத்துக்குத்தான் சரியாக இருக்கும். போக ஒன்று, வர ஒன்று என்று இழுக்க வழியில்லை.

"அதுக்கின்னா டீச்சரம்மா, ஒத்த ஒயரு போதும்" என்றார் எத்திராஜ். "பேஸை மட்டும் இஸ்துகினு வந்துடலாம். நியூட்ரலுக்குப் பூமில ஒரு கம்பிய அடிச்சா முடிஞ்சிது. எங்கப்பன் காலத்துலருந்து களத்துல லைட்டு இப்டிதான் எரிஞ்சிது."

மைதிலி டீச்சர் இல்லை. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை என்று கரும்பலகையில் எழுதி, ஒன்றை மற்றதால் வகுக்கச் சொல்லிக் கொடுத்து, எத்தனையோ பிள்ளைகளைக் கரையேற்றியிருக்கிறாள். ஆனால் ஒரு பிளக்கைக் கூடத் தன் கையால் மாட்டியதில்லை. அவர் சொன்னதற்குத் தலையாட்டினாள்.

எத்திராஜ் முடிச்சில் நாலு சுற்று டேப் போட்டு, தண்ணீரில் இறங்கி ஒயரைக் கொண்டுவந்தார். வீட்டுக்குப் பின்னால் தண்ணீருக்கடியில் முழங்கை நீளக் கம்பி ஒன்றைச் சம்மட்டியால் அடித்து, அதிலிருந்து இன்னொரு ஒயரைப் பிளக் பாயிண்டுக்குக் கொடுத்தார். டெஸ்டரை வைத்தார்; எரிந்தது. கார்த்திகேசனின் பழைய மல்டிமீட்டரை வைத்தார். இருநூற்று இருபத்தெட்டு காட்டியது. மைதிலிக்கு அழுகையே வந்துவிட்டது. மெஷினைப் போட்டாள். அது ஒரு முறை உறுமி, ஐந்து விநாடியில் வீல் வீலென்று கத்தி நின்றது. மறுபடி போட்டாள். மறுபடியும் அதே கத்தல்.

எத்திராஜ் மீட்டரை வைத்துப் பார்த்தார். அதே இருநூற்று இருபத்தெட்டு. ஆக, கரண்டில் குறை இல்லை, மெஷின்தான் தண்ணி காற்றில் கெட்டுவிட்டது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். மீட்டரே சொல்லும்போது மைதிலி என்ன சொல்வாள்? மெஷின் வாடகைக்கு விட்ட மோகனுக்குப் போன் செய்தாள். அவன் நல்ல பையன். இன்னொரு மெஷினை டிராக்டரில் ஏற்றி, டிராக்டர் நின்ற இடத்திலிருந்து தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தான். அப்போது மணி பன்னிரண்டரை. முள் இருபத்துமூன்று.

இரண்டாவது மெஷினும் ஐந்து விநாடியில் கத்தியது.

கட்டிலில் கார்த்திகேசன் கண்ணைத் திறந்து மெஷினைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான், பிறகு மூடிக்கொண்டான். அவன் ஏதாவது கேட்டிருந்தால்கூடத் தேவலை.

எத்திராஜ் மீட்டரைப் பக்கத்துப் பிளக் துளையிலேயே செருகி விட்டிருந்தார். மைதிலி அதை எடுத்து வீசியெறிகிற கோபத்தில்தான் குனிந்தாள். அந்த நேரம் மோகன் இன்னொரு தடவை சுவிட்சைத் தட்டினான். அவள் கண்ணெதிரே இருநூற்று இருபத்தெட்டு நூற்று அறுபத்தாறாக விழுந்தது. மெஷின் கத்தி நின்றதும் திரும்ப இருநூற்று இருபத்தெட்டு.

"இன்னொரு வாட்டி போடு மோகன்."

போட்டான். நூற்று அறுபத்தாறு.

பின்வாசலில் யாரோ கத்துகிற சத்தம் கேட்டது. எத்திராஜின் மனைவி பூங்காவனம், கஞ்சித் தூக்கோடு தண்ணீரில் வந்துகொண்டிருந்தவள், படியில் தாவி ஏறி நின்று காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாக்கா இது, தண்ணில இன்னாமோ கடிச்ச மாரி சுருக்குனுச்சு. உங்க மெஷினு கத்தசொல்லோ ரெண்டு வாட்டியும் சுருக்கு சுருக்குனுச்சு. அப்புறம் ஒண்ணியும் காணோம்."

மைதிலி கரும்பலகையிடம் போனாள். பிள்ளைகளின் எழுத்தை முந்தானையால் அழித்தாள். மெஷினின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டில் இருநூற்று முப்பது வோல்ட், முந்நூற்றைம்பது வாட் என்றிருந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஒன்றரை ஆம்பியர். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மெஷினின் தடை நூற்றைம்பத்தோரு ஓம். நூற்று அறுபத்தாறு வோல்ட்டில் அது இழுப்பது ஒன்று புள்ளி ஒன்று ஆம்பியர். மீதி அறுபத்திரண்டு வோல்ட் எங்கே போயிற்று? அறுபத்திரண்டை ஒன்று புள்ளி ஒன்றால் வகுத்தாள். ஐம்பத்தாறு ஓம். அதில் செம்பு ஒயரின் பங்கு மூன்று ஓம்தான். மிச்சம் முழுக்க அந்தக் கம்பியைச் சுற்றியுள்ள சேற்றில் இருந்தது. மெஷின் ஓடாதபோது கரண்ட் ஓடுவதில்லை. கரண்ட் ஓடாத இடத்தில் எதுவும் குறைவதில்லை. அதனால்தான் சும்மா இருக்கும் மீட்டர் முழு வோல்ட்டையும் காட்டி ஏமாற்றியது. அவள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற ஒவ்வொரு கணக்கின் கீழும் ஒரு வரி எழுதுவாள்: 'இணைப்புக் கம்பிகளின் தடையைப் புறக்கணிக்க.' ஒன்றரை மணி நேரக் காற்றை அந்த வரிக்குக் கொடுத்திருந்தாள்.

"பூமி குடிக்குது அண்ணே" என்றாள். "அறுபத்தெட்டு வாட் உங்க கம்பிகிட்ட சேத்துல போகுது. மெஷினுக்கு நூத்தித் தொண்ணூத்தஞ்சுக்கு மேல வோல்ட் வேணும்னு சீட்டுலயே போட்டிருக்கு."

மோகன் ஆமாம் என்றான். அதற்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும் என்று கம்பெனியிலேயே சொல்லியிருக்கிறார்களாம்.

எத்திராஜுக்கு அதற்கும் மருந்து தெரிந்திருந்தது. கோடையில் களத்து லைட்டு மங்கினால் அவர் அப்பா கம்பியடியில் உப்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றுவார், உடனே பிரகாசிக்கும். "ஒரு மூட்ட உப்பு கீது ஊட்ல. கொட்டிட்டு, கம்பிய இன்னும் ரெண்டு அடிச்சா ஏறிடும். அஞ்சு நிமிஷ வேல."

மணி பன்னிரண்டே முக்கால். அஞ்சு நிமிஷம் என்ற சொல் அவள் காதில் தேனாக விழுந்தது. கட்டிலைப் பார்த்தாள், எண்பத்தொன்று. பிறகு பூங்காவனத்தின் கால்களைப் பார்த்தாள். அவள் இன்னும் கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஐந்து விநாடி ஓடியதற்கே இப்படி. மெஷின் ஐந்து மணி வரைக்கும் ஓடவேண்டும். அந்தத் தண்ணீரில்தான் தெருவே நடக்கிறது, மாடு கன்று நடக்கிறது. உப்பு கொட்டினால் எவ்வளவு குறையும், தண்ணீரில் எவ்வளவு தூரம் பரவும் என்று கணக்குப் போட அவளிடம் எண் இல்லை. எண் இல்லாத இடத்தில் ஆளை நிறுத்த முடியாது.

"வேண்டாம் அண்ணே. கம்பியைப் பிடுங்கிடுங்க."

"இன்னாம்மா பேசற? உன் ஊட்டுக்காரரு உசுரு..."

"பிடுங்கிடுங்க" என்றாள். அதைச் சொன்ன வாயை அவளே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வேண்டியது, பூமிக்குப் பதிலாக நியூட்ரலைக் கொண்டுவர இன்னொரு தடம். இருக்கிற தடையெல்லாம் சேர்ந்து இருபது ஓமுக்குள் இருந்தால் மெஷினுக்கு இருநூறு வோல்ட் கிடைக்கும். தெருவில் யாரிடம் நூற்றெண்பது மீட்டர் ஒயர் இருக்கும் என்று பூங்காவனத்தைக் கேட்டாள். ஒயருக்கா பஞ்சம், தமிழ்வாணன் ஊட்டு மாடியில் சுருள் சுருளாகத் தொங்குகிறதே என்றாள் அவள். தமிழ்வாணன் கேபிள் டிவி இணைப்புக் கொடுப்பவன்.

அவன் இரண்டு சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். ஒன்று தொண்ணூறு மீட்டர். மைதிலி கறுப்புத் தோலுக்குள் இருந்த நடுக்கம்பியை மீட்டரில் வைத்துப் பார்த்தாள்: எட்டு புள்ளி மூன்று ஓம். இரண்டு சேர்ந்தால் பதினாறரை. செம்பு ஒயரின் மூன்றையும் கூட்டினால் இருபதை நெருங்கும். இருநூற்று இருபத்தெட்டை நூற்றைம்பத்தொன்றால் பெருக்கி நூற்றெழுபத்தொன்றால் வகுத்தாள். இருநூற்றொன்று. மேலே ஆறு வோல்ட்தான் கையில் நிற்கும். அது போதும்.

"நைனா, மூணு நாளா இதுல சீரியலே ஓடல" என்றான் தமிழ்வாணன் எத்திராஜிடம். "கரண்ட்டு ஓடுமா?"

"டீச்சரம்மா ஓடும்னுது. நீ தண்ணில எறங்கு, வாயில எறங்காத."

ஏற்பாடு இதுதான்: எத்திராஜ் கொட்டகையில் நிற்பார். பியூஸ் கட்டையைப் பிடுங்கிவிட்டால் சிவப்புத் துண்டை உயர்த்துவார். துண்டு மேலே இருக்கும்போது மட்டும் ஒயரைத் தொடலாம். துண்டு இறங்கினால் தண்ணீரில் யாரும் ஒயர் பக்கம் போகக்கூடாது. மைதிலி இதை இரண்டு தடவை சொல்லி, இரண்டு பேரையும் திருப்பிச் சொல்ல வைத்தாள். தமிழ்வாணன் கேபிளை இழுத்துக்கொண்டு போனான். நடுவில் 'மனைகள் விற்பனைக்கு' என்று ஒரு போர்டு தண்ணீருக்கு மேல் தலை நீட்டிக்கொண்டிருந்தது; இரண்டு சுருளின் இணைப்பை அதன் கட்டையில் கட்டினான். எல்லாம் முடிய ஒன்றரை ஆனது. முள் ஐந்து. விரலில் எழுபத்தெட்டு.

துண்டு இறங்கியது. மோகன் சுவிட்சைத் தட்டினான். நூற்று எண்பத்தொன்பது. மெஷின் கத்தி நின்றது.

மைதிலி சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். இருநூற்றொன்று வந்திருக்க வேண்டும். பெருக்கல் தப்பா, வகுத்தல் தப்பா? இவ்வளவு பேரைத் தண்ணீரில் இறக்கி, உப்பு வேண்டாம் என்று பெரிய மனுஷி மாதிரிச் சொல்லி, கடைசியில் இதுதானா? கட்டிலிலிருந்து கார்த்திகேசன் கையை அசைத்தான். அவள் எழுந்து போய்க் காதை அவன் வாயருகே வைத்தாள்.

"போதும் மைதிலி" என்றான். மூன்று மூச்சில் அந்த இரண்டு சொல்.

கரும்பலகைக்குத் திரும்பினாள். நூற்று எண்பத்தொன்பதை நூற்றைம்பத்தொன்றால் வகுத்தால் ஒன்றேகால் ஆம்பியர். குறைந்திருப்பது முப்பத்தொன்பது வோல்ட். முப்பத்தொன்பதை ஒன்றேகாலால் வகுத்தால் முப்பத்தொன்று. ஆனால் ஒயரில் இருப்பது இருபது. எங்கோ பதினோரு ஓம் கூடுதலாக உட்கார்ந்திருக்கிறது. நீளக் கம்பியில் அது ஒளிய முடியாது, கம்பியை அளந்தாயிற்று. ஒளிந்தால் முடிச்சில்தான். முடிச்சு மொத்தம் நாலைந்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் கட்ட நேரமில்லை.

தடை இருக்கிற இடத்தில் கரண்ட் ஓடினால் சூடு பிறக்கும். ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, தடையால் பெருக்கு: மெஷின் ஓடினால் பதினேழு வாட். ஆனால் மெஷின்தான் ஓடமாட்டேன் என்கிறதே. வோல்ட் குறைந்தாலும் முரண்டு பிடிக்காத ஒன்று வேண்டும்.

அலமாரியிலிருந்து இஸ்திரிப் பெட்டியை இழுத்தாள். எழுநூற்றைம்பது வாட். அது எழுபது ஓம். மொத்தம் நூற்றொன்று, இரண்டேகால் ஆம்பியர் ஓடும். இரண்டேகாலை இரண்டேகாலால் பெருக்கி, பதினொன்றால் பெருக்கினாள். ஐம்பத்தைந்து வாட். ஈயம் பற்றவைக்கும் கோல் இரண்டின் சூடு ஒரே முடிச்சில் ஏறும்.

ஜன்னலுக்குப் போய்க் கத்தினாள். தமிழ்வாணன் மேட்டில் ஏறி நின்றான். பெட்டியைச் செருகி மூன்று நிமிடம் விட்டாள். அந்த மூன்று நிமிடத்தில் முள் மூன்றுக்கு வந்தது. மோகன் குமிழைத் திருகி இரண்டு லிட்டராக்கினான், விரலில் எழுபத்துமூன்று ஆனது. துண்டு உயர்ந்தது. தமிழ்வாணன் தண்ணீரில் இறங்கி ஒவ்வொரு முடிச்சாகத் தொட்டுக்கொண்டு வந்தான். கொட்டகை வாசலில் ஒன்று, ஜில்லென்று இருந்தது. செம்பு ஒயரின் முடிச்சு, அதுவும் ஜில். போர்டுக் கட்டையில் கை வைத்தவன் கையை உதறினான்.

"சுடுது டீச்சர். டேப்பே உருகிப் போச்சு."

அவன் அங்கே முடிச்சுப் போடவில்லை. இருபது வருஷப் பழக்கத்தில், டிவிக்குப் போடுகிற மாதிரி இரண்டு முனையிலும் திருகு மூடி வைத்து, நடுவில் பித்தளைக் குழாய் ஒன்றைப் போட்டு அழகாக இணைத்திருந்தான். படம் தெரிவதற்கு ஊசி முனை தொட்டால் போதும். மெஷின் ஓட அது போதாது.

"அதை வெட்டிப் போட்டுட்டு, கம்பியைச் சுரண்டி, நாலு விரக்கடை நீளத்துக்கு முறுக்கு" என்று அவள் கத்தினாள்.

பல்லால் கடித்து உரித்து முறுக்கினான். இழுத்த இழுப்பில் மூன்று நாள் ஊறிய போர்டுக் கட்டை முறிந்து தண்ணீரில் மிதந்தது. டேப்பும் தீர்ந்திருந்தது. சுற்றிலும் கட்டுவதற்கு ஒரு குச்சி கிடையாது.

"நானே தூக்கிப் புடிச்சுக்கினு நிக்கிறேன். நீ போடு டீச்சர்."

முள் பூஜ்யத்தில் சாய்ந்திருந்தது. குழாயில் இன்னும் மெல்லிய சீறல் கேட்டது. விரலில் அறுபத்தெட்டு. மோகன் சுவிட்சில் கையை வைத்து அவளையே பார்த்தான்.

"இரு" என்றாள் மைதிலி.

கரும்பலகையில் இடமில்லை. சுவரிலேயே எழுதினாள். மெஷின் ஓடினால் ஒன்று புள்ளி மூன்று ஆம்பியர். கொட்டகையிலிருந்து அவன் கை வரைக்கும் எட்டு புள்ளி மூன்று ஓம். பெருக்கினால் பதினோரு வோல்ட். பதினொன்று ஆளை ஒன்றும் செய்யாது. மறுபடி பெருக்கினாள். பதினொன்றுதான். ஆனால் நடுவில் எங்காவது அறுந்தால் முழு வோல்ட்டும் அவன் கைக்கு வந்துவிடும்.

"முறுக்கின இடத்தைத் தொடாதே தமிழ்வாணா. ரெண்டு பக்கமும் கறுப்புத் தோலைப் பிடிச்சுக்கோ. தோலை மட்டும். என்ன ஆனாலும் கம்பி மேல கை படக்கூடாது. படலாம்னு தோணிச்சுன்னா தண்ணில போட்டுட்டு விலகிடு. மெஷின் நின்னா நிக்கட்டும்."

"போடும்மா" என்று எத்திராஜ் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். துண்டு இறங்கியது.

மெஷின் உறுமியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. கத்தவில்லை. ஆறு. மீட்டரில் இருநூற்றொன்று. மோகன் குழாயைச் சிலிண்டரிலிருந்து உருவி மெஷினில் மாட்டினான். விரலில் அறுபத்தாறு ஆயிற்று. அறுபத்தாறிலேயே வெகுநேரம் நின்றது. கார்த்திகேசனின் நெஞ்சு மீன் செவுள் மாதிரி அடித்துக்கொண்டது. பூங்காவனம் கஞ்சித் தூக்கை இன்னும் கையிலேயே வைத்துக்கொண்டு, உதடு மட்டும் அசைய எந்தச் சாமியையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அறுபத்தொன்பது. எழுபத்துநான்கு. எழுபத்தொன்பதில் அவன் நகக்கண்ணில் கறுப்பு வெளிறத் தொடங்கியது.

மணி ஒன்று ஐம்பத்தைந்து. படகு ஐந்துக்கு என்றால் ஐந்துக்கே வந்துவிடுமா என்ன? மைதிலி ஜன்னலுக்கும் மீட்டருக்கும் நடுவில் நின்றாள். வெளியே, இடுப்பளவு தண்ணீரின் நடுவில், தமிழ்வாணன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தான். பூங்காவனம் முட்டுக் கொடுக்க மூங்கில் தேடி வீட்டுக்குப் போனாள். அது கிடைத்து, அவ்வளவு தூரம் வந்து சேரும்வரை அவன் கைதான் கம்பம்.

அவன் வலது கையிலிருந்து பாரத்தை இடது கைக்கு மாற்றினான். மீட்டர் இருநூற்றொன்றிலிருந்து நூற்றுத் தொண்ணூற்றெட்டுக்கு இறங்கியது. முறுக்கு நெகிழ்ந்திருக்கிறது, இன்னும் மூன்று வோல்ட் இறங்கினால் மெஷின் நின்றுவிடும். மீட்டர் மெல்ல இருநூற்றுக்கு வந்தது. அவன் மறுபடி கை மாற்றத் தோளை அசைப்பது தெரிந்தது.